அப்பாவின் 39 கேள்விகள்: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: பினாங்கில் பார்க்கின்சன் (கை நடுங்கி, அசைவு மெதுவாகும் நரம்பு நோய்) சிகிச்சைக்குப் போகும் அப்பாவுக்கு 39 கேள்விகள் உள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள், அவருக்குப் பதிலாக நானே நிரப்பலாமா என்று. அவரையே சொல்ல விடுங்கள் என்றீர்கள். நன்றி, அப்படியே செய்தேன்.

படிவத்தின் பெயர் பிடிகியூ-39 (PDQ-39). நோயால் வரும் ஒவ்வொரு சிரமமும் கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4. கேள்விகள் எட்டுப் பிரிவாக இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 100க்குக் கணக்கு, எண் கூடினால் சிரமம் அதிகம். நடப்பதுதான் அப்பாவின் பெரிய பிரச்சினை என்று நினைத்திருந்தேன், ஆனால் அதில் 40க்கு 10, அதாவது 25தான். நோயைப் பற்றிய கூச்சத்தைக் கேட்கும் நான்கு கேள்விகளில் 16க்கு 12, அதாவது 75! பொது இடத்தில் சாப்பிடுவதைத் தவிர்த்தீர்களா என்றதற்கு 'எப்போதும்' என்றார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வராததற்கும் ஒட்டுக்கடை (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) நண்பர்களை விட்டதற்கும் கால்வலி என்று அவர் சொன்னதை இத்தனை நாள் நம்பிவிட்டேனே என்று மனசு கனத்துப்போனது.

சரி, மருத்துவரிடம் பிரிவு வாரியாகக் காட்டினோம். மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. மூடி போட்ட கனமான கோப்பை பழகச் சொன்னார், அப்புறம் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வெளியே போகவும் சொன்னார். நேற்று நாலரை மணிக்கு ஒட்டுக்கடையில் தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்), பாதிக் கோப்பைதான், பழைய நண்பர் ஒருவரோடு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் படிவம்; பதில் அப்பாவுடையது, வாசித்துக் காட்டுவது மட்டும் நான்.