செயற்கைக் கால் இழந்ததை ஈடுசெய்கிறதா, இருப்பதை விஞ்சச் செய்கிறதா? கோட்டை எங்கே போடுவது?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபி இறுதியாண்டு மாணவன். உடல் இழந்ததை ஈடுசெய்யும் கருவிக்கும் இயல்பான உடலையே விஞ்சச் செய்யும் கருவிக்கும் இடையே தெளிவான கோடு போட முடியும் என்ற பக்கத்தில் நின்று கல்லூரி விவாத அரங்கில் பேச வேண்டியிருக்கிறது. படிக்கப் படிக்க அந்தப் பக்கம் வலுவிழந்துகொண்டே போகிறது.

என்னைக் குழப்புவது இதுதான். தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், அமெரிக்காவின் பிளேக் லீப்பர் ஆகிய இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் இல்லை. இருவரும் கார்பன் இழையாலான ஓட்டப் பிளேடுகளை அணிந்து 400 மீட்டர் ஓடியவர்கள். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2008இல் பிஸ்டோரியஸை அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2020இல் லீப்பரின் பிளேடுகளை ஏற்கவில்லை. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அறிவியல் மாறிவிட்டதா, அல்லது நீதிபதிகளின் பார்வை மாறிவிட்டதா? மேலும், மோட்டாரும் உணரிகளும் கொண்ட இன்றைய பயோனிக் உறுப்புகள் இன்னும் தேறும்போது, உடல்நலமுள்ள ஒருவர் தம் காலை விட்டு அதை விரும்பி ஏற்கும் நாள் வருமா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓடுதளம்:

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டப் பிளேடு பயோனிக் கருவியன்று. அதில் மோட்டார் இல்லை, மின்கலம் இல்லை, உணரி இல்லை. ஓடுபவரின் எடை அழுத்தும்போது வளைந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. நம் கணுக்காலோ தசைகளின் வலுவால் வாங்கியதைவிடக் கூடுதலாகத் தர வல்லது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பிளேடு அணிந்தவருக்கு இழப்புத்தான். ஆனால் பிளேடு எடை குறைந்தது. காலை முன்னே வீசும் நேரம் சுருங்குகிறது. அது களைப்பதும் இல்லை. 400 மீட்டரின் கடைசி நூறில் மற்றவர்களின் கெண்டைக்கால் கனத்துப்போகும்போது அதற்கு எதுவும் ஆவதில்லை. லாபமும் நட்டமும் ஒரே கருவிக்குள் கலந்து கிடப்பதால்தான் இத்தனை வழக்குகள்.

பிஸ்டோரியஸ் வழக்கில், கொலோன் நகர விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையை ஆதாரமாகக் காட்டி, சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2008 ஜனவரியில் அவருக்குத் தடை விதித்தது. அதே வேகத்தில் ஓட மற்றவர்களைவிட அவருக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான ஆற்றலே தேவைப்படுகிறது என்பது அச்சோதனையின் முடிவு. நீதிமன்றம் அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டு நிற்கவில்லை. நேர்ப்பாதையில் முழுவேகத்தில் ஓடும் கட்டத்தை மட்டும் அளந்திருக்கிறீர்களே, கிளம்பும்போதும் வேகம் பிடிக்கும்போதும் அவர் இழப்பது எவ்வளவு, இவற்றையெல்லாம் கழித்தபின் மொத்தத்தில் அவருக்கு அனுகூலம் எஞ்சுகிறதா என்று கேட்டது. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சம்மேளனத்தினுடையது, அது நிரூபிக்கவில்லை, மே மாதத்தில் தடை நீங்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் அரையிறுதி வரை சென்றார். அந்த ஓட்டத்தில் கடைசியாக வந்தார்.

2015இல் சம்மேளனம் விதியைத் திருப்பிப் போட்டது. அனுகூலம் இல்லை என்பதை வீரரே நிரூபிக்க வேண்டும் என்று ஆக்கியது. லீப்பர் வழக்கில் நீதிமன்றம் இந்தத் திருப்பத்தைச் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அப்படியும் அவர் தோற்றதற்குக் காரணம் உயரம். பிளேடுகளின் மீது நிற்கும்போது அவர், கால்கள் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உச்ச உயரத்தைவிடச் சில அங்குலம் கூடுதலாக இருக்கிறார், அந்தக் கூடுதல் உயரம் அவருக்கு அனுகூலம் தருகிறது என்பதைச் சம்மேளனம் நிறுவிவிட்டதாக நீதிமன்றம் கருதியது.

இங்கே நீங்கள் சற்று நிற்க வேண்டும். லீப்பர் பிறப்பிலேயே கீழ்க்கால்கள் இல்லாதவர். எனவே ஒருபோதும் இருந்திராத கால்களின் நீளத்தைக் கணக்கிட்டு, அந்தக் கற்பனை உடலோடு இந்த உடலை ஒப்பிட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த நிலை உயரம், கையின் நீளம் போன்ற அளவுகளிலிருந்து வாய்பாடு வைத்து அனுமதிக்கத்தக்க உயரத்தைக் கண்டுபிடிப்பது பாராலிம்பிக் விதிகளில் உள்ள முறை. அந்த வாய்பாட்டை உருவாக்கியபோது கறுப்பின மக்களின் உடலளவுகள் சேர்க்கப்படவில்லை என்று லீப்பர் தரப்பு வாதிட்டது. ஆக, உங்கள் கேள்விக்கு என் விடை: அறிவியல் அவ்வளவாக மாறவில்லை. எதை எதோடு ஒப்பிடுவது, யார் நிரூபிப்பது என்பவைதான் மாறின. தலைப்பில் கேட்கும் கோட்டைப் போடலாம். ஆனால் அதைப் போட வேண்டுமானால் எந்த உடலை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியின் நீளத் தாண்டுதல் வீரர் மார்கஸ் ரேமையும் விட்டுவிடாதீர்கள். வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிளேடு உள்ள காலால்தான் உந்தித் தாண்டுகிறார். 2014இல் உல்ம் நகரில் 8.24 மீட்டர் தாண்டித் தேசிய சாம்பியன் ஆனார். ஆனாலும் ஐரோப்பியப் போட்டிக்கான ஜெர்மன் அணியில் அவரைச் சேர்க்கவில்லை. 2023இல் 8.72 மீட்டர் தாண்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தாண்டல் 8.41 மீட்டர். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆய்வாளர்கள் சேர்ந்து அவரை ஆராய்ந்தபோது, ஓடிவரும் வேகத்தில் பிளேடு இழப்பையும் உந்தி எழும் கணத்தில் லாபத்தையும் தருகிறது என்றும், மொத்தக் கணக்கை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2016இல் முடிவுக்கு வந்தனர்.

சாக்கெட் பட்டறை:

செயற்கை உறுப்பு செய்து பொருத்துவது என் தொழில். மேலே நண்பர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் ஓட்டப்பந்தயத்தை வைத்துப் பேசும்போது, எங்களிடம் வருபவர்களின் வாழ்க்கை கண்ணில் படாமல் போய்விடுகிறது. பிளேடு அணிந்தவர் ஓடும்போது மின்னலாகத் தெரிவார். அதே பிளேடோடு ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள், முடியாது. குதிகால் என்ற ஒன்றே அதற்கு இல்லை. படிக்கட்டு இறங்குவதற்கும் சம்மணமிட்டு உட்காருவதற்கும் அது உதவாது. ஒரு வேலையில் விஞ்சுவது, பத்து வேலைகளில் பின்தங்குகிறது.

கைகளின் நிலை இன்னும் கடினம். எஞ்சிய தசையின் மின்குறிப்புகளைப் பிடித்து விரல்களை மோட்டாரால் இயக்கும் கைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஐந்து விரல்களும் தனித்தனியே இயங்கும் ஐ-லிம்ப் 2007இல் விற்பனைக்கு வந்தது. காணொளிகளில் பார்த்தால் மனிதக் கையை நெருங்கிவிட்டதாகத் தோன்றும். உடல் ஊனமுற்றோர் உதவிக் கருவிகளோடு போட்டியிடும் சைபத்லான், 2016இல் சூரிச்சில் முதன்முதலாக நடந்தபோது கைப் பிரிவில் வந்த முடிவைப் பாருங்கள். ரொட்டி வெட்டுவது, துணியை உலர்த்தக் கொடியில் மாட்டுவது போன்ற அன்றாட வேலைகளை வைத்து நடந்த அந்தப் பந்தயத்தில் வென்றது மோட்டார் கை அன்று. தோளை அசைத்தால் கம்பி இழுபட்டு மூடித் திறக்கும், உடல்விசையால் இயங்கும் கொக்கி வகைக் கருவி. ஏன்? கம்பியின் இழுவையைத் தோள் உணர்கிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பது பார்க்காமலே தெரிகிறது. மோட்டார் விரல்களை அணிந்தவரோ ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாங்கிய செயற்கைக் கையை ஒதுக்கிவிடுகிறார் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். என் அனுபவமும் அதற்கு அருகில்தான்.

எந்த உடலை அளவுகோலாகக் கொள்வது என்பதோடு, எந்த வாழ்க்கையை அளவுகோலாகக் கொள்வது என்றும் கேட்க வேண்டும். 1968 வாக்கில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் ரப்பர் பாதத்தை உருவாக்கியதற்குக் காரணம், மேற்கிலிருந்து வந்த பாதம் ஷூ அணிந்து நாற்காலியில் உட்காருபவருக்காக அமைந்திருந்ததே. குந்தி உட்காரவும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் அது இடங்கொடுக்கவில்லை. அது நல்ல பாதந்தான், வேறொருவரின் அன்றாடத்துக்கு. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட 'கடம்' என்னும் செயற்கை முழங்காலிலும், நன்றாக மடங்க வேண்டும் என்பதற்கு முன்னுரிமை கொடுத்திருப்பதைப் பாருங்கள். பேருந்து இருக்கையின் நெருக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உடல்நலமுள்ளவர் தம் காலைக் கொடுத்துவிட்டு இதை வாங்குவாரா என்று கேட்கிறீர்கள். எஞ்சிய காலை நுழைத்துக்கொள்ளும் கிண்ணமான சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்குவதும், தோல் புண்ணாவதும், உடல் எடை இரண்டு கிலோ மாறினாலே சாக்கெட் பொருந்தாமல் போவதும் அவருக்குத் தெரிந்தால் கேட்கவே மாட்டார். எலும்புக்குள்ளேயே டைட்டானியம் தண்டைப் பொருத்தி வெளியே உறுப்பை மாட்டும் முறை சுவீடனில் 1990 முதல் இருக்கிறது. சாக்கெட் தொல்லை அதில் இல்லை. தண்டு தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தில் தொற்று வராமல் ஆயுள் முழுதும் காக்க வேண்டும் என்பது அதற்கான விலை.

கேள்விக்குறி:

இருவரும் உறுப்பிழந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விஞ்சும் கருவியைத் தேட வேண்டிய இடம் வேறு. லண்டனில் டானி குளோட் 2017இல் வடிவமைத்த 'மூன்றாவது கட்டைவிரல்' இரு கைகளும் முழுமையாக உள்ளவருக்கானது. சுண்டுவிரலின் பக்கம் மாட்டிக்கொண்டு, கால் பெருவிரல்களின் கீழுள்ள அழுத்த உணரிகளால் இயக்க வேண்டும். ஐந்து நாள் பழகியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, அந்தக் கையின் விரல்களுக்குரிய தனித்தனிப் பதிவுகள் ஒன்றையொன்று சற்று நெருங்கியிருந்தன என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. யாருடைய உறுப்பையும் வெட்டத் தேவையில்லை. கழற்றி வைத்துவிடவும் செய்யலாம். 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோட்டாரே இல்லாமல், காலின் வெளிப்புறத்தில் அணியும் கணுக்கால் சட்டகம் ஒன்றால் இயல்பான நடையின் ஆற்றல் செலவை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்தார்கள். விஞ்சுதல் வந்தால் இந்த வழியில்தான் வரும். அறுவைசிகிச்சை அறை வழியாக வராது என்பது என் கணிப்பு.

உடலுக்குள்ளே வைத்துவிட்டால் அது யாருடைய பொறுப்பு என்ற தொல்லையும் இருக்கிறது. பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தப்பட்ட ஆர்கஸ்-2 கருவியை உலகெங்கும் சுமார் 350 பேர் பெற்றார்கள். தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் பணமுடையில் அதைக் கைவிட்டபின், பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் அவர்கள் நின்றார்கள்.

தாமிரபரணிக்கரை:

மூவருக்கும் நன்றி. அளவுகோலை முதலில் சொல்லிவிட்டால் கோடு போடலாம் என்பதை வைத்தே பேச முடிவுசெய்திருக்கிறேன். ஒரு ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. இருக்கும் காலைத் தாமே விரும்பி நீக்கிக்கொண்ட ஓட்டவீரர் எவரேனும் உண்டா? எதிரணி நிச்சயம் இதைக் கேட்கும்.

ஓடுதளம்:

உண்டு. ஆனால் எதிரணி எதிர்பார்க்கும் காரணத்துக்காக அன்று. ஜெர்மனியின் யோஹானஸ் ஃபுளோர்ஸ், கீழ்க்காலின் மெல்லிய எலும்பு இல்லாமல், பாதங்கள் சரியாக உருவாகாமல் பிறந்தவர். நடப்பதே வேதனையாக இருந்ததால் பதினாறு வயதில் இரு கீழ்க்கால்களையும் நீக்கிக்கொள்ளத் தாமே முடிவெடுத்தார். பிறகு பிளேடு அணிந்து ஓடத் தொடங்கி, டோக்கியோ பாராலிம்பிக் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் தேடியது வலியில்லாத நடை. வேகம் பிறகு வந்தது. முடிவெடுத்த நாளின் நோக்கத்தை வைத்து அளந்தால் அது சிகிச்சை. ஓடுதளத்தில் கடிகாரத்தை வைத்து அளந்தால் சிலருக்கு வேறாகத் தெரியலாம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செயற்கை உறுப்புகளை ஆராயும் ஹியூ ஹெர் இதற்கு இன்னொரு துணை. 1982இல் வாஷிங்டன் மலையின் பனியில் சிக்கி, உறைபனியால் இரு கீழ்க்கால்களையும் இழந்தவர். பாறை ஏறுவதற்கென்றே மெல்லிய பிளவுகளில் நுழையும் பாதங்களையும், நீளத்தை மாற்றிக்கொள்ளும் கால்களையும் தாமே செய்து, விபத்துக்கு முன்பு ஏறியதைவிடக் கடினமான பாறைகளில் ஏறினார். அதே மனிதரின் குழு, துண்டிக்கும்போதே எதிரெதிர்த் தசைகளை மீண்டும் இணைத்துவிடும் அறுவைமுறையை உருவாக்கி, அதனோடு மோட்டார் காலைச் சேர்த்தது. வழக்கமான முறையில் துண்டிக்கப்பட்டவர்களைவிட இவர்களின் உச்ச நடைவேகம் 41 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2024இல் தெரிவித்தார்கள். அந்த 41 எதோடு ஒப்பிட்ட எண் என்பதைக் கவனியுங்கள். எதிரணி அதை மனிதனை விஞ்சிய கால் என்று எடுத்துப் பேசினால், ஒப்பீடு உறுப்பிழந்த இரு குழுக்களுக்கு இடையே மட்டும் நடந்தது என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்.