எக்செல் கவுண்ட்இஃப்ஸில் (COUNTIFS) இரண்டு இடத்தில் ‘அல்லது’ வந்தால் எப்படி எண்ணுவது?

வணக்கம். எக்செலில் ஒரு கணக்கு இரண்டு நாளாகப் படுத்துகிறது. சுமார் 2,400 வரிசைகள். பி நெடுவரிசையில் பிரிவு, சி-யில் நிலை, டி-யில் தேதி. பிரிவு ‘பழுது’ அல்லது ‘நிறுவல்’, நிலை ‘நிலுவை’ அல்லது ‘தாமதம்’, தேதி போன மாதத்துக்குள். இப்படிப்பட்ட வரிசைகள் எத்தனை என்று தெரிய வேண்டும்.

எல்லா நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்றால், பல நிபந்தனை வைத்து எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் ஃபங்ஷனே போதும், அது சரியாகவே வருகிறது. பிரிவை மட்டும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இரண்டாகக் கொடுத்து, வெளியே சம் (SUM) போட்டுக் கூட்டினாலும் சரி. நிலையையும் அதே மாதிரி கொடுத்தால்தான் சிக்கல்: விடை 34. வடிகட்டிப் பார்த்தால் 61!

என் சந்தேகம், அது முதலோடு முதலையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் மட்டும் ஜோடி சேர்க்கிறது. அதாவது ‘பழுது–நிலுவை’, ‘நிறுவல்–தாமதம்’ மட்டும் எண்ணப்படுகின்றன. மற்ற இரண்டு ஜோடிகள் விட்டுப்போகின்றன. அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு பட்டியல்களில் ஒன்றில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம். அதுதான் வழியா? இல்லை, பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபங்ஷனுக்கே போய்விடலாமா?

நான்கு கவுண்ட்இஃப்ஸ் எழுதிக் கூட்டினால் 61 வருகிறது. ஆனால் இன்னொரு பிரிவு சேர்ந்தால் ஆறாகிவிடும், பார்க்கவே சகிக்காது.

சொற்களின் கடைசியில் ஒட்டியிருந்த இடைவெளிகளை ட்ரிம் போட்டு நீக்கிவிட்டேன் (அதிலேயே அரை நாள் போச்சு). தேதிகளும் எழுத்தாக இல்லை, உண்மையான தேதிகள்தான். சூத்திரத்தில் கொடுத்த செல் வீச்சுகளும் ஒரே நீளம்.

அப்புறம், இந்தக் கோப்பை 2010 பதிப்பிலும் திறப்பார்கள். அதனால் அதில் இல்லாத ஃபில்டர் (FILTER) ஃபங்ஷன் வேண்டாம்.