பாட் சம்மிட்டின் 1098 வெற்றிகள்: கணக்கும் ஆட்டமுறையும்

வலதுகார்னர்:
அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு பாட் சம்மிட் 1974 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளர். 38 சீசன், 1098 வெற்றி, 208 தோல்வி. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பெண்கள் போட்டி 1982இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய வெற்றிகளை எப்படிச் சேர்க்கிறார்கள்?

இன்னொன்று, 1996-97இல் 10 ஆட்டம் தோற்றும் சாம்பியன், அடுத்த சீசனில் 39 வெற்றி, தோல்வியே இல்லை. நட்சத்திர வீராங்கனை ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா இருந்தார் என்பதோடு விளக்கத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த 10 தோல்வியிலும் அவர் இருந்தாரே! நம் கல்லூரி அணிகள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

ஸ்கோர்ஷீட்:
பயிற்சியாளரின் மொத்த வெற்றியை என்.சி.ஏ.ஏ. எண்ணும்போது எந்த அமைப்பின் கீழ் ஆடினார்கள் என்று பார்ப்பதில்லை. நான்காண்டுக் கல்லூரி அணியாக இருந்தால் போதும். முதல் ஏழு சீசனும் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. (அதற்கு முன் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய அமைப்பு) காலம், எல்லாம் 1098க்குள் வரும். கோப்பைக் கணக்குதான் தனி. என்.சி.ஏ.ஏ. பட்டம் எட்டு: 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. இறுதியில் 1980, 1981 இரண்டு முறையும் தோல்வி. ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது) சில இடங்களில் 18 என்றும் சில இடங்களில் 22 என்றும் இருக்கும். வித்தியாசமாக வரும் அந்த நான்கும் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்தவை.

சம்மிட் பொறுப்பேற்றபோது வயது 22, சம்பளம் மாதம் 250 டாலர். அணி வேனை ஓட்டியதும் சீருடை துவைத்ததும் அவரேதான். கூடவே முதுகலைப் படிப்பு, கிழிந்த முழங்கால் தசைநாருக்கான பயிற்சி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வீராங்கனையாக வெள்ளி, 1984இல் பயிற்சியாளராகத் தங்கம். 38 சீசனில் ஒன்றில்கூடத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. 1098ஐவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

பிவட்:
1996-97இல் பாயின்ட் கார்டு கெல்லி ஜாலி சீசனுக்கு முன்பே ஏ.சி.எல். (முழங்கால் தசைநார்) கிழிந்து வெளியே போனார். பந்தைப் பத்திரமாக மேலே கொண்டுவர ஆளில்லாமல் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) பெருகியது. ஜனவரியில் அவர் திரும்பிய பிறகு அணி மெல்ல நிலைகொண்டது, கடைசியில் ஓல்ட் டொமினியனை 68-59 என்று வென்றது. அடுத்த சீசனுக்கு டமிக்கா கேச்சிங்ஸ், செமிகா ராண்டல், ஏஸ் கிளெமென்ட், தெரசா கீட்டர் என நான்கு புதுமுகங்கள். ஓடக்கூடிய ஆட்கள் கிடைத்ததும் முழு மைதான பிரஸ் (எதிரணியை மைதானம் முழுக்க நெருக்கித் தடுப்பது). வட கரோலினாவிடம் இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தை 76-70 என்று திருப்பினார்கள்.

ஆனாலும் அடித்தளம் ரீபவுண்ட்தான் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). தாக்குதல் டிக்கெட் விற்கும், தடுப்பு ஆட்டத்தை வெல்லும், ரீபவுண்ட் கோப்பையை வெல்லும் என்பது சம்மிட் அடிக்கடி சொன்னது. பயிற்சியில் எதிரணியாக ஆண் மாணவர்களை நிறுத்துவார். அவர்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் எதிரே பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால் மறித்து இடம்பிடிப்பது) செய்யாமல் பந்து கிடைக்காது. இதை நம் கல்லூரிகளும் செலவில்லாமல் செய்யலாம்.

பாக்ஸ் அவுட்டில் நம்மவர்கள் தவறுவது முதல் நொடியில். ஷாட் போனதும் எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் போய்விடும். முதலில் தன் ஆளைப் பார்த்து முன்கையால் தொட வேண்டும், பிறகு பிவட் செய்து (ஒரு காலை ஊன்றித் திரும்பி) முதுகைக் கொடுத்து இடுப்பைத் தாழ்த்த வேண்டும், அதன்பிறகுதான் பந்து. கார்னரிலிருந்து போகும் ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும், அங்கே ஓர் ஆள் கட்டாயம்.

வலதுகார்னர்:
நன்றி. பெஞ்சையும் சேர்த்து ஏழு பேர்தான் தேறுவார்கள் என்றால் பிரஸ் போடலாமா?

பிவட்:
ஆட்டம் முழுக்க வேண்டாம். எட்டு ஒன்பது பேரைச் சுழற்ற முடியாவிட்டால் மூன்றாம் குவார்ட்டரில் கால் நின்றுவிடும். நம் ஃப்ரீ த்ரோ விழுந்த பிறகும் டைம் அவுட் முடிந்தும் மட்டும் போடுங்கள். அப்போது எல்லோரும் தத்தம் இடத்தில் நிற்பார்கள், ஓடிப் போய்ச் சேர வேண்டியதில்லை. இன்பவுண்ட் பாஸ் (கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் பந்து) வாங்குபவரைப் பக்கக்கோட்டுக்குத் தள்ளி இருவர் அடைக்க வேண்டும். மூன்றாமவர் அடுத்த பாஸுக்குக் காத்திருக்கட்டும். பந்து நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஐவரும் திரும்பி ஓட வேண்டும், பின்னாலிருந்து தட்டிப் பறிக்கப் போனால் ஃபவுல்தான் மிஞ்சும்.

ஸ்கோர்ஷீட்:
ஒரு சேர்க்கை. 1998இல் அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் பாதி மைதானத்தைக் கடக்கக் காலக்கெடுவே கிடையாது, பத்து நொடி விதி 2013-14இல்தான் வந்தது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் எட்டு நொடி. அதனால் பந்தைப் பறிக்காவிட்டாலும், தாமதப்படுத்தினாலே பிரஸ் பலன் தரும். குவார்ட்டரில் நான்கு அணி ஃபவுல் ஆகிவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.