உங்களிடம் கணக்குக் கேட்பவர் யார்?

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரங்கள்.

"அது எனக்கும் தேவனுக்கும் இடையில் உள்ள விஷயம்" என்று விசுவாசிகள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் அந்த விஷயத்தைத் தேவனிடமும் கொண்டுபோயிருப்பதில்லை என்பது என் எண்ணம். நம்மில் ஒவ்வொருவரும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்கிறது ரோமர் 14:12. அந்தக் கணக்கை இன்றைக்கே இன்னொரு மனிதர் முன் திறந்துவைக்கத் துணிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் சபையின் பொருளாளர் வயதில் மூத்தவர். ஒருமுறை ஆராதனை முடிந்ததும், அவருடன் காணிக்கை எண்ண வேண்டியவர் வீட்டில் அவசரம் என்று கிளம்பிவிட்டார். எல்லாரும் கலைந்த பிறகும் ஐயா பூட்டிய பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எண்ணி எழுதிவிட வேண்டியதுதானே ஐயா, உங்களை யார் சந்தேகப்படப்போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"சந்தேகப்பட ஆள் இல்லாத இடத்தில்தான் தம்பி எனக்குப் பயம். உட்காருங்கள்" என்றார்.

நோட்டுகளை மதிப்புவாரியாகப் பிரித்து அவர் ஒரு முறை எண்ணினார், நான் ஒரு முறை எண்ணினேன். தொகையை ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னார். சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு நோட்டு வித்தியாசம். "உங்கள் தொகையையே எழுதிவிடுவோம் ஐயா" என்றேன். அவர் ஒப்பவில்லை. முதலிலிருந்து எண்ணினோம். இரண்டு சீட்டும் ஒத்துப்போய், பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான் எழுந்தார்.

எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுலும் தனியாகக் கையாளவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரை உடன் வைத்துக்கொண்டார். 'கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்' யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். பவுலை யாராவது நம்பாமல் இருந்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. அந்த நம்பிக்கையைக் காட்டிச் சலுகை கேட்க அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

* * *

அருமையான பகிர்வு, சகோதரரே. நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் முன்பு பணிபுரிந்த ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் ஒரு பட்டியல் இருந்தது. போகாத பயணங்களுக்குப் பயணப்படி வாங்கிய மாதங்களையெல்லாம் தன் கையாலேயே எழுதியிருந்தார். சில இடங்களில் ஒரு தொகையை அடித்துவிட்டு அதைவிடப் பெரிய தொகையைப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சரியாக ஞாபகம் இல்லாத இடத்தில் கூடுதலான தொகையை வைத்துக்கொண்டேன்" என்றார். கடைசி வரியில் மொத்தத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியிருந்தார்.

வேதம் வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். எண்ணாகமம் 5:7. பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கைக் கூடச் சேர்க்க வேண்டும், அதையும் யாருக்குக் குற்றம் செய்தோமோ அவருக்கே கொடுக்க வேண்டும். இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிவசூலிப்பவன் சகேயுவோ அதையும் தாண்டி நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

எங்கள் மேலாளர் இளகிய மனம் உள்ளவர். "பழைய கதை, விடுங்கள். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களே, போதாதா?" என்றார். வந்தவர் பணிவாகத்தான் பேசினார், ஆனால் பிடியை விடவில்லை. "மன்னிப்பைத் தேவனிடம் பெற்றுவிட்டேன் ஐயா. பணத்தை உங்களிடம் அல்லவா எடுத்தேன்?" என்றார். ரசீது வேண்டும் என்றும் கேட்டார். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எங்களுக்குள் சற்றுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் 'இதர வருமானம்' என்று எழுதி ரசீது கொடுத்தேன். இப்போது வேலை செய்யும் இடத்திலும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகக் கிளம்பும்போது தெரிவித்தார். அந்த வேலை அவருக்கு நிலைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இன்றும் ஆசை.

* * *

என்னுடையது சிறியது. நான் பள்ளியில் படித்தபோது, வீட்டுக்கு வந்திருந்த விருந்தினர்கள் முன்னால் அப்பா என்னைப் பொய்யன் என்று திட்டிவிட்டார். நான் சொன்னது உண்மை என்று பிறகு அவருக்குத் தெரியவந்தது. என்னைத் தனியே அழைத்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம், நானும் மறந்திருப்பேன். அவரோ அதே விருந்தினர்களை மறுபடி வீட்டுக்கு அழைத்து, "அன்றைக்கு உங்கள் முன்னால் என் மகனை அநியாயமாகப் பேசினேன். அவனிடம் உங்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். குடும்ப ஜெபம் அதற்கு முன்பும் வீட்டில் தினமும் நடந்தது. அப்பா ஜெபிக்கும்போது நான் கண்ணை மூட ஆரம்பித்தது அந்த நாளிலிருந்துதான்.

* * *

எல்லாரும் நல்ல அனுபவங்களையே எழுதுகிறீர்கள். மறுபக்கத்தையும் நான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜெபக்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். எங்கே போகிறோம், யாரிடம் பேசுகிறோம், வீட்டில் என்ன சண்டை என்று எல்லாவற்றையும் தலைவரிடம் சொல்ல வேண்டும். "ஒப்புக்கொடுத்தல்" என்று அதற்குப் பெயர். அவரோ தன்னைப்பற்றி யாரிடமும் எதையும் சொன்னதில்லை. நான் அழுதுகொண்டே சொன்ன ஒரு காரியம் அடுத்த பிரசங்கத்தில் "நமக்குள் ஒரு சகோதரி" என்று உதாரணமாக வந்தது. பெயர் சொல்லவில்லைதான். ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்தது. வெளியே வந்த பிறகு நெடுநாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு மூத்த சகோதரியைச் சந்தித்தேன். அவரிடம் முதலில் நான் கவனித்தது, என்னிடம் எதையும் கேட்கும் முன் தன்னைப்பற்றிச் சொல்வார். கோபம், பொறாமை, ஜெபிக்க மனமில்லாத காலை வேளைகள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "இப்போது நீங்கள் என்னைக் கேளுங்கள்" என்பார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் தம் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளிலும் இதே ஒழுங்கு இருப்பதைப் பின்னாளில் படித்தேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், ஒருவர் முதலில் தன் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். குழுவில் சேர வருகிறவரிடம், "உன் குறைகளை உனக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறாயா?" என்று முன்கூட்டியே கேட்டார்கள். விருப்பம் கேட்காமல் ஒருவருடைய உள்ளத்துக்குள் யாரும் நுழையவில்லை.

யாக்கோபு 5:16-ல் குற்றங்களை 'ஒருவருக்கொருவர்' அறிக்கையிட வேண்டும் என்றுதானே இருக்கிறது? என் பழைய தலைவர் அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்தார். பாதியை மட்டும் வாசித்தார். கணக்குக் கேட்கிறவர் தானும் யாருக்காவது கணக்குக் கொடுக்கிறாரா என்று பார்த்துவிட்டு உங்கள் இருதயத்தைத் திறவுங்கள். இளம் சகோதரிகளுக்கு இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

* * *

சகோதரியின் பதிவைப் படித்து மனம் கனத்துப்போனது. நான் கத்தோலிக்கர். எங்களில் ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், கேட்டதை அருட்பணியாளர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-ல் திருச்சபைத் தலைவர்கள் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. கேட்டதை வெளிப்படுத்தும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுதும் கடும் தவமுயற்சி செய்ய மடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே இடத்திலேயே சொன்னது. சொல்கிறவருக்கு ஒரு கடமை என்றால் கேட்கிறவருக்கு அதைவிடக் கடுமையான கடமை. உங்களுக்கு நடந்தது அநியாயம், சகோதரி.

* * *

நான் கேட்கிறவன் இடத்தில் இருப்பவன். ஒரு நண்பர், இணையச் சூதாட்டத்தில் கடன்பட்டதை மனைவியிடம் மறைத்து வைத்திருந்தார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் கேள். நான் மழுப்பினால் விடாதே" என்று அவரே சொன்னார். சொல்கிறவருக்குத்தான் கஷ்டம் என்று நினைப்பீர்கள். கேட்பதும் கஷ்டம்தான். சனிக்கிழமை வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அவர் போனை எடுக்காத ஒரு நாள் நேரில் போய் வாசலில் நின்றேன். முகம் சிவந்து, "நீ என்ன என் நியாயாதிபதியா?" என்று கத்தினார். அன்றிரவே அவராக அழைத்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார்.

எசேக்கியேல் 33-ஆம் அதிகாரம் எனக்குக் கைகொடுத்தது அந்த நாட்களில்தான். காவற்காரன் பட்டயம் வருவதைக் கண்டு எக்காளம் ஊத வேண்டும். ஊதாமல் இருந்துவிட்டால் இரத்தப்பழி அவன்மேல். ஊதியும் ஒருவன் எச்சரிக்கையாகாவிட்டால் அந்தப் பழி காவற்காரன்மேல் இல்லை. நண்பரைத் திருத்தும் வேலை என்னுடையது அல்ல என்பது அதை வாசித்த பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு என்னால் கோபப்படாமல் கேட்க முடிந்தது.

கடன் இன்னும் தீரவில்லை. இரண்டு முறை சறுக்கினார், இரண்டையும் நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். மேலே சகோதரி எழுதியதைப் படித்ததும் அவரை அழைத்து, "இனி நீயும் என்னைக் கேள்" என்றேன். யோசிக்கவே இல்லை. "உன் தம்பியோடு பேசிவிட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த சனிக்கிழமையும் கேட்பேன் என்றிருக்கிறார்.