மறு: டேட்டா ஃபிடூஷியரிக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

நம் தனிநபர் தரவை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனத்தையோ ஆளையோ இந்தியச் சட்டம் 'டேட்டா ஃபிடூஷியரி' என்கிறது. அதற்குத் தமிழில் இந்த மின்னஞ்சல் இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தரவு நம்பகர், தரவுக் காப்பாளர், தரவு அறங்காவலர், தரவுக் கையடையாளர். எதையாவது பிடித்துக்கொள்ளும் முன், இந்தச் சொல் எங்கே போய் உட்காரப் போகிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும். அப்படியென்றால் கடன் செயலியிலும் மருத்துவமனைப் படிவத்திலும் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானுக்கு மேலேயே இந்தச் சொல் நிற்கும். அவசரத்தில் இருப்பவரும் அதைப் படித்தாக வேண்டும்.

சட்டம் சொல்லும் ஆள் யார்? தனிநபர் தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவர். ஐரோப்பியச் சட்டம் இவரைக் 'கண்ட்ரோலர்' என்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே வழிதான். இந்தியாவில் 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு ஃபிடூஷியரி என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது. தரவைக் கொடுப்பவர் நம்பிக் கொடுக்கிறார், வாங்குபவர் அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதன் வாதம்.

> 'நம்பகர்' சின்னச் சொல். நம்பிக்கை என்ற பொருளும் வந்துவிடுகிறது.

சின்னச் சொல்தான், ஐயா. ஆனால் 'நம்பகமான கடை' என்று கேட்டுப் பழகிய காதில் அது பாராட்டாகவே விழும். வட்டிக்கு விடும் செயலி ஒன்று 'நாங்கள் உங்கள் தரவு நம்பகர்' என்று எழுதினால், சட்டமே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆள் யோக்கியரா இல்லையா என்ற கேள்விக்கே சட்டம் போகவில்லை, கடமையைத் தலையில் கட்டிவிடுகிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வேலையை வேறொரு நிறுவனத்திடம் விட்டிருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் இவரே. 'அறங்காவலர்' சொல்லுக்கும் இதே சிக்கல்தான், கூடவே கோயில் வாசனை வேறு.

'காப்பாளர்' சட்டத்துக்குள்ளேயே இடறுகிறது. 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ சட்டப்பூர்வக் காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். 'காப்பாளர் தரவுக் காப்பாளருக்கு ஒப்புதல் தருகிறார்' என்று எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

'கையடை' எனக்கு மிகவும் பிடித்தது. தசரதன் ராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். நம்பி ஒருவர் கையில் விடுவது என்ற பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 'கையடையாளர்' என்பதைக் கைப்பேசித் திரையில் வேகமாகப் படித்துப் பாருங்கள், கண் 'அடையாள'த்தில் போய் நிற்கும். கைரேகையும் ஆதாரும் புழங்கும் துறையில் இது வம்பு. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை 'தரவுப் பொறுப்பேற்பாளர்'. வெறும் 'பொறுப்பாளர்' என்றால் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் வந்து நிற்பார். 'ஏற்பு' சேர்ந்தால், தரவை வாங்கும்போதே சுமையையும் வாங்கிக்கொண்டவர் என்பது தெளிவாகிறது. இலங்கையில் 'எம்ப்ளாயீஸ் டிரஸ்ட் ஃபண்ட்' என்பதற்கு 'ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்' என்று 'பொறுப்பு' ஏற்கெனவே இந்தப் பொருளுக்குப் பக்கத்தில்தான் புழங்குகிறது. நீளம் ஒரு குறை, மறுக்கவில்லை. கூடுதல் கடமைகள் கொண்ட பெரிய நிறுவனங்களை 'முக்கியத் தரவுப் பொறுப்பேற்பாளர்' என்று சொல்லும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும்.

அப்புறம், எதிர்ப்பக்கம் இருக்கும் டேட்டா பிரின்சிபல், அதாவது யாருடைய தரவோ அந்த ஆள். 'தரவு முதல்வர்' வேண்டவே வேண்டாம், கல்லூரியோ கோட்டையோதான் நினைவுக்கு வரும். 'தரவு உரிமையாளர்' என்றால் சொத்து மாதிரி ஆகிவிடுகிறது. சட்டம் தருவது பார்க்க, திருத்த, அழிக்கச் சொல்லும் உரிமைகளைத்தான். 'தரவுக்குரியவர்' போதும். (பொய்ப் புகார் கொடுத்தால் இவருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது தனிக் கூத்து.)

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை இந்த வாக்கியத்தில் பொருத்தி, உரக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள்:

'தரவுக்குரியவர் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், ________ தகுந்த காலத்துக்குள் அவருடைய தரவைக் கையாள்வதை நிறுத்த வேண்டும்.'