நோட்டீஸ் அடித்தும் ஆள் வரவில்லைங்க, வேறு என்ன செய்யலாம்?

செக்குக்கடை, காங்கேயம்:
வணக்கமுங்க. மரச்செக்கு போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கடலை, எள், தேங்காய் ஆட்டுகிறேன். ஊரைச் சுற்றி எண்ணெய் மில்லும் தேங்காய்க் களமும்தான், இதில் என்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பேப்பருக்குள் வைத்து 2,000 நோட்டீஸ் விட்டேன். நான்கு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் எங்கள் ஒறம்பரை, சொந்தக்காரர்தான்.

"திடுக்குனு இருந்தாத்தான்ப்பா ஞாபகம் நிக்கும்" என்றாள் மகள். அவள் பேச்சைக் கேட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் அடித்தேன். மாலை எல்லாம் போட்டு, படம் இருக்கும் இடத்தில் ஒரு எண்ணெய் பாக்கெட். எல்லாரும் நின்று பார்த்தார்கள், வாஸ்தவம். பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து "பொழைக்கிற எடத்துல எழவு போஸ்டர் ஒட்டறயே, புத்தி கெட்டுப்போச்சா" என்று கிழித்தே போட்டுவிட்டார்.

பேக்கரி, கோபி:
குலுக்கல் மட்டும் வேண்டாமுங்க. தீபாவளிக்கு ஒரு மிக்சி வைத்தேன், நல்ல கூட்டம். பொங்கலுக்கு "இந்த வாட்டி என்ன பரிசு?" என்றார்கள். இல்லை என்றதும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போர்வைக்கடை, சென்னிமலை:
உங்கள் போஸ்டரைப் பார்க்க நின்றவர்கள் செத்தது யார் என்று பார்க்க நின்றவர்கள். அவர்களுக்கு எண்ணெய் நினைப்பு எப்படி வரும்?

காய்கறிக் கடைக் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முதலில் எவரோ கொசுறாகக் கொடுத்தபோது வாங்கினவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இன்றைக்குக் கொடுத்தால் யாரும் கவனிப்பதில்லை, கொடுக்காவிட்டால் சண்டை. ஷுல்ட்ஸ் என்கிற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. எதிர்பாராமல் சாறு கிடைத்தால் மூளையில் டோபமின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துள்ளும். பழகிவிட்டால் சாறு வந்தும் துள்ளாது. வர வேண்டிய சாறு வராவிட்டால் வழக்கத்தைவிடவும் அடங்கிப்போகும். கோபிக்காரரின் மிக்சியும் அதே கதைதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் போர்வை வாங்கினால், மிஞ்சின துணியில் தைத்த சின்ன விரிப்பு ஒன்றை மடிப்புக்குள் வைத்துவிடுவேன். சொல்வதில்லை. 30 ரூபாய்கூட ஆகாது. ஈரோட்டு அம்மணி ஒருத்தர் போன் போட்டு "உங்க துணி ஒண்ணு தெரியாம வந்துருச்சுங்க" என்றார். பாப்பாவுக்குத்தான் என்றேன். அடுத்த மாதம் அக்கா, கொழுந்தியா என்று நாலு பேரோடு வந்து இறங்கினார்.

உங்களிடம் புண்ணாக்கு இருக்கிறதே! மரச்செக்கில் எண்ணெய் முழுக்க இறங்காது, கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கும். மாட்டுக்காரர்களுக்கு அந்த அருமை தெரியும். பேச்சுக்கொடுங்கள். மாடு கன்று போட்டிருக்கிறது என்றால், கேனோடு இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு வையுங்கள். மறுநாள் பால் சொசைட்டி வரிசையில் அவரே பேசிக்கொள்வார். போர்டில் மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்புறம் அதுவும் கறிவேப்பிலைதான்.

செக்குக்கடை, காங்கேயம்:
சரிங்க. விஷயம் தெரிந்து, மாடே இல்லாதவனும் கன்று போட்டது என்று சொன்னால்?

போர்வைக்கடை, சென்னிமலை:
காங்கேயத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! கன்று என்ன நிறம் என்று கேளுங்கள். உங்க ஊர் மாட்டுக் கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் போனால்தான் வெளுக்கும். வெள்ளைக் கன்று என்றால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

செக்குக்கடை, காங்கேயம் (ஒரு வாரம் கழித்து):
சனிக்கிழமை ஒருவருக்கு வைத்தேன். செவலைக் கன்றுதான், பிறந்து ஒரு நாள். ஞாயிறு காலையில் கடை திறக்கும்போது வண்டியை நிறுத்தாமலே ஒரு போசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திறந்தால் சீம்பால்! வீட்டில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினோம், அப்பத்தாவுக்கும் ஒரு கிண்ணம் போனது. இப்போது போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாதே. எண்ணெய் ஊற்றிக் கொடுத்தால் அதைத்தானே அவர் எதிர்பார்ப்பார்?