எஸ்க்யூ321: 6,000 அடியா, 178 அடியா?

இறகுநுனி: 'சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ321 மூணு நிமிஷத்துல 6,000 அடி விழுந்துச்சு'ன்னு மறுபடி ஒருத்தர் எழுதியிருக்கார். 2024 மே 21, போயிங் 777, தெற்கு மியான்மர் வான்ல விழுந்தது 178 அடி. 37,362-லிருந்து 37,184. பிடிச்ச நேரம் 4.6 நொடி. சிங்கப்பூர் விசாரணைக் குழு கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்த கணக்கு இது.

தென்கடல்: எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேளுங்க. ட்ராக்கர் (விமானப் பாதையைக் காட்டுற தளம்) படத்துல 37,000-லிருந்து 31,000 இருக்கே. அது என்ன, ஏறினதா?

இறகுநுனி: அது 17 நிமிஷம் கழிச்சு. குலுக்கல் 07:49-க்கு (உலகப் பொது நேரம்). 08:06:51-க்கு விமானிகளே பாங்காக் போக இறக்க ஆரம்பிச்சாங்க, 08:10-க்கு 31,000. நிமிஷத்துக்கு சுமார் 1,900 அடி, தினப்படி இறங்குற வேகம். விழுந்தது 178.

தென்கடல்: 178 அடிக்கு அத்தனை பேர் மண்டை உடையுமா?

இறகுநுனி: உடைச்சது எத்தனை அடிங்கிறது இல்லை, ஜி. அதாவது நம்மளை அழுத்துற விசை, சும்மா உட்கார்ந்திருந்தா +1. 0.6 நொடியில +1.35-லிருந்து -1.5. அந்த உச்சத்துல விமானம் 2.5 ஜி முடுக்கத்துல கீழே போகுது. பெல்ட் போடாத ஆள் 1 ஜி-யிலதான் விழுறார். கூரை வந்து தலையில இடிக்கும். அடுத்த 4 நொடிக்குள்ள +1.5, அந்த ஆள் தரையில வந்து விழுவார்.

மேகவலை: ஆட்டோபைலட்டைப் பத்தி வாயே திறக்கலையே? காற்று மேலே தள்ளினதும் 37,000-க்குத் திரும்ப மூக்கைத் தாழ்த்தினது அதுதானே. வேகம் கூடுதுன்னு ஸ்பீட் பிரேக் (வேகத்தைக் குறைக்க இறக்கை மேல எழுப்புற தகடு) வேற நீட்டியிருந்தாங்க, தூக்குவிசை குறையும். ஆஸ்திரேலியாவோட க்வான்டாஸ் 72 விமானத்துலயும் கம்ப்யூட்டர்தான் கீழே தள்ளுச்சு.

இறகுநுனி: ஆட்டோபைலட் 0.6 நொடியில 2.85 ஜி மாத்தாது, அது காற்றோட வேலை. க்வான்டாஸ் 2008-ல, ஏர்பஸ் ஏ330. அங்க ஏடிஐஆர்யூ பெட்டி (வேகம், உயரம் மாதிரி அளவுகளைக் கணினிக்கு அனுப்புறது) தாக்குகோணத்தை, அதாவது இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணத்தை, தப்பா அனுப்புச்சு. 1.2 நொடி இடைவெளியில வந்த பொய் அளவை வடிகட்ட முடியாம பறப்புக் கணினி மூக்கை 8.4 பாகை தாழ்த்துச்சு, 650 அடி போச்சு. ரெண்டையும் ஒரே சட்டியில போடாதீங்க.

மேகவலை: விமானி சீட் நடுவான்ல நகர்ந்து விமானம் திடீர்னு தாழ்ந்த லாட்டம் 787 பத்தின பழைய இழையிலயும் இப்படித்தான் விமானி சீட் நகர்ந்ததை ஒத்துக்காம இழுத்தடிச்சீங்க.

இறகுநுனி: சீட் நகர்ந்ததை நான் மறுக்கவே இல்லை, அந்த சீட்டை நகர்த்துற சுவிட்சோட மூடியைப் பத்திதான் கேட்டேன். பழைய இழையைப் போய்ப் படிங்க. இங்க பேச்சு 178.

தென்கடல்: படத்துல 31,000 இருக்கு. நான் மாத்தப்போறதில்லை.

இறகுநுனி: படத்துக்குக் கீழே நேரமும் இருக்கு. 08:10. அதை எப்போ படிப்பீங்க?